முதலில் சென்று நிற்கும் உத்தியோகஸ்தர்

கலகம் எரிந்து அடங்கிய பின் மேலதிகாரிகளை மாற்றுவது சர்க்காருக்குச் சுலபம். அது மூளுமுன் அங்கே சென்று நின்ற ஸப் இன்ஸ்பெக்டருக்கு என்ன பலம் அளித்திருந்தோம் என்று கேட்பவரோ வெகு சிலர்.

2022 ஜூலை 13-ம் தேதி, கள்ளக்குறிச்சி ஜில்லா கனியாமூரில், தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி இறந்தாள். நீதி கோரிய கிளர்ச்சி நாளுக்கு நாள் வளர்ந்தது. வாட்ஸ்அப் மூலம் ஆட்கள் திரட்டப்பட்டனர். 17-ம் தேதி ஞாயிறன்று பெருங்கூட்டம் உட்புகுந்து பள்ளியைச் சூறையாடிற்று; பஸ்களைக் கொளுத்திற்று. போலீஸார் பலர் காயமுற்றனர். பிறகு கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் மாற்றப்பட்டனர். ஆனால் இடையில் நான்கு நாட்கள் இருந்தன என்பதை மறக்கலாகாது.

சட்டம் சொல்வது யாது? சட்டவிரோதக் கூட்டத்தைக் கலையுமாறு கட்டளையிடும் அதிகாரத்தை, மாஜிஸ்திரேட்டுக்கு மட்டுமன்றி, ஸ்டேஷன் பொறுப்பதிகாரிக்கும், அவர் இல்லாவிடில் ஸப் இன்ஸ்பெக்டருக்கும் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவு அளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தின் 148-வது பிரிவும் அவ்வாறே அளிக்கிறது. இத்தகைய பெரும் பொறுப்பைத் தாங்குபவருக்குப் போதிய ஆட்களும் பயிற்சியும் வேண்டாமா?

லத்தியைவிட முந்தியது வாக்கு. மகளை இழந்த பெற்றோருக்கு முதலில் பதிலளிப்பவர் அவரே. தெரிந்ததை மறைக்காமலும், தெரியாததை ஊகித்துச் சொல்லாமலும் அவர் பேசினால், வதந்திக்கு இடம் குறையும். கூட்டம் பெருகுவதை அவர் அறிவித்தவுடன் துணைப்படை அனுப்புவது மேலதிகாரிகளின் கடமை.

ஜனங்களுக்கும் ஒரு சொல்: நீதி கேட்பது உரிமை, நெருப்பு வைப்பது அந்நீதிக்கே கேடு.