உங்கள் வளவுக்கு எந்த மரம்?



மரம் நடுவது நமக்கு வெறும் பொழுதுபோக்கல்ல. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. அதே நபி (ஸல்) அவர்கள்தாம் அயலவரின் உரிமையையும் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்கள். நமது மரத்தின் வேர் பக்கத்து வீட்டு மதிலை வெடிக்கச் செய்தால், சருகு அவர்களுடைய பீலியை அடைத்தால், ஸதகாவாக இருக்க வேண்டிய மரம் மனக்கசப்புக்குக் காரணமாகிவிடும் அல்லவா?

ஆகவே, ‘எந்தப் பழம் நமக்கு விருப்பம்?’ என்று கேட்பதற்கு முன், ‘பத்து, இருபது வருடங்களில் இந்த மரம் எவ்வளவு பெரிதாகும்?’ என்று கேளுங்கள்.

இடத்தைப் பாருங்கள்

10 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ 2,720 சதுர அடி. வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் போக மிஞ்சுவது சிறு துண்டு நிலமே. அதில் பலாவோ ஈரப்பலாவோ வைத்தால், கன்று வளர வளரக் கிளை கூரைக்கு மேலும் வேர் அத்திவாரத்தின் பக்கமும் செல்லும். பிறகு வெட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சொந்த வளவில் நின்றாலும் இவ்விரண்டையும் அனுமதியின்றி வெட்ட முடியாது.

பெரிய வளவு உள்ளவர்கள் வீட்டிலிருந்து தள்ளி ஒரு பலாவைக் கட்டாயம் நடுங்கள். பிஞ்சு, காய், பழம், கொட்டை என்று எல்லாமே உணவாகும் மரம் அது. தென்னைக்கும் தாராளமான இடம் வேண்டும். கூரையின் மேலோ நடைபாதையின் மேலோ தேங்காய் விழும்படி அதனை நடக்கூடாது.

சிறிய வளவுக்கு ஏற்றவை

குர்ஆனில் பெயர் கூறப்பட்டுள்ள மாதுளை சிறிய வளவுக்கு மிகப் பொருத்தமானது. வெயிலும் வறட்சியும் அதற்குப் பொருந்தும். கொய்யாவைக் கத்தரித்துக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருக்கலாம். தேசி மரத்தில் முள் உண்டு. பிள்ளைகள் ஓடித் திரியும் பாதையில் வேண்டாம். கறிவேப்பிலை சமையலறைப் பக்கம் நிற்கட்டும்.

முருங்கைக்குத் தடி ஒன்றே போதும். இலையும் காயும் பூவும் கறிக்கு உதவும். ஆனால் அதன் கிளை காற்றுக்கு இலகுவில் முறியும், மயிர்க்கொட்டியும் வரும். படுக்கையறை யன்னலுக்கும் மின்கம்பிக்கும் தூரமாக நட்டு, ஆண்டுதோறும் வெட்டித் தாழ்த்தி வளருங்கள்.

ஊரையும் பாருங்கள்

மா பூப்பதற்கு ஒரு வறண்ட காலம் தேவை. அதனால் கறுத்தக்கொழும்பான் யாழ்ப்பாணம் போன்ற உலர்ந்த பகுதிகளில் நன்றாகக் காய்க்கிறது. ஓயாமல் மழை பெய்யும் ஊர்களில் ஏமாற்றிவிடும். மல்வானையில் செழிக்கும் ரம்புட்டான் கிழக்குக் கரையின் மணலில் அப்படிச் செழிக்காது. எந்த மரம் என்பதில் சந்தேகமிருந்தால், உங்கள் தெருவில் நன்றாகக் காய்த்து நிற்பது எது என்று பாருங்கள்.

காத்தான்குடிப் பிரதான வீதியில் நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டவர்களுக்கு, உம்றாவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சங்கொட்டையை நட்டுப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையில் முளைப்பதில் ஏறத்தாழப் பாதி ஆண் மரமாகவே இருக்கும், அது காய்க்காது. எது எதுவென்று அறியப் பூக்கும்வரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஒரேயொரு மரத்துக்குத்தான் இடம் உண்டென்றால், அதனைப் பேரீச்சங்கொட்டைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நடும்போது

மாவுக்கும் ரம்புட்டானுக்கும் ஒட்டுக்கன்றே நல்லது. ஒட்டு மா மூன்று நான்கு வருடங்களில் காய்க்கத் தொடங்கும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணும் உக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். கிழக்கிலும் வடக்கிலும் ஒக்டோபரில் மாரி மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். கோடையில், வுழூச் செய்யும் இடத்திலிருந்து வடியும் தண்ணீரைச் சிறு வாய்க்காலால் கன்றின் அடிக்குத் திருப்பிவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் அதில் கலக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

மதிலோரத்தில் நடுவதாயின், குழி வெட்டுமுன் பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காய்க்கத் தொடங்கியதும் முதல் பங்கு அந்த வீட்டுக்குப் போகட்டும். மறுபக்கம் சாய்ந்த கிளையை அவர்கள் கேட்கும் முன்னரே நாமே வெட்டிவிடுவோம்.

நாம் நடும் மரத்தை நமக்கும் நம் அயலவருக்கும் பறவைகளுக்கும் பயனுள்ளதாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.