வகுத்துப் பாராமல் அறிந்த எண்

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால், 170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கிறது. தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது என்பதை, 1876ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித மேதை எடுவார் லூகா நிரூபித்தார். யந்திரத்தின் துணையின்றி மனிதர் கையாலேயே கணித்தறிந்த பகா எண்களில் இன்றளவும் இதனினும் பெரியது இல்லை. ஆயினும் இதன் பெருமை அளவில் இருப்பதாக நான் கருதவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற சோதனை, எண்ணின் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதே. 127க்கு 2, 3, 5, 7, 11 என்னும் ஐந்து வகுத்தல்கள் போதும். லூகாவின் எண்ணுக்கோ வர்க்கமூலமே 20 இலக்கங்களுடையதாதலால், நொடிக்கொரு வகுத்தலாக இடைவிடாது செய்தாலும் பல நூறு கோடி ஆண்டுகள் கழிந்துவிடும்.

லூகா வகுத்திகளைத் தேடவே இல்லை. ஒன்றைக் கூட்டியதும் இரண்டின் தூய அடுக்காகிவிடும் இவ்வெண்ணின் அமைப்பையே பற்றுக்கோடாகக் கொண்டு அவர் வகுத்த சோதனையை, அமெரிக்கரான லேமர் 1930இல் செப்பனிட்டு எளிமையாக்கினார். நான்கில் தொடங்கி, அதை வர்க்கித்து, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அம்மீதியை மறுபடியும் வர்க்கித்து, இவ்வாறே, பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கையான அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்து முடிக்கையில், இறுதி மீதி பூஜ்யமானால் எண் பகா எண், இல்லையேல் அன்று. ஐந்து இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த 31ஐ எடுத்துக்கொள்வோம்: 4 முதலில் 14 ஆகிறது, 14இன் வர்க்கத்தில் இரண்டு குறைய 194, அதன் மீதி 8, எட்டின் வர்க்கத்தில் இரண்டு குறைய 62, மீதி பூஜ்யம். மூன்றே படிகளில் தீர்ப்பு வந்துவிட்டது. லூகாவின் எண்ணுக்கு 125 படிகள்.

இச்சோதனையின் விசித்திரம் மற்றொரு எண்ணில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1644இல் மெர்சென் என்ற பாதிரியார் வெளியிட்ட பட்டியலில், 67 என்ற அடுக்கும் பகா எண்ணைத் தருவதாகச் சொல்லப்பட்டிருந்தது. அது தவறென்று லூகா 1876இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகளில் ஒன்றைக்கூட அவர் அறிந்திருக்கவில்லை. 193707721, 761838257287 என்ற அவ்விரு காரணிகளையும் கோல் என்பவர் கண்டு சொன்னது 1903இல். உள்ளிருப்பது இன்னதென்று அறியாமலே, உள்ளே ஒன்று உண்டு என்று ஐயமற அறிய முடிவது மானிட அறிவின் பெரும் வெற்றிகளுள் ஒன்றென்றே எனக்குத் தோன்றுகிறது.

1951இல் மின்னணு யந்திரங்கள் களத்தில் இறங்கின. கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் அப்போது கண்ட 79 இலக்கப் பகா எண், லூகாவின் எண்ணை வர்க்கித்து, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டிப் பெற்றதே.

2, 3, 7, 127, அதன்பின் லூகாவின் எண் என்று, ஒவ்வொன்றும் முந்தியதை இரண்டின் அடுக்காகக் கொண்டு ஒன்றைக் கழிக்கப் பிறக்கும் வரிசையில் இதுவரை வந்த ஐந்தும் பகா எண்களே. ஆறாவதின் இலக்கங்களை எண்ணிச் சொல்லும் தொகையே 38 இலக்கங்களுடையது. அதன்மீது லூகாவின் சோதனையை நடத்தப் படிகள் ஏறத்தாழ லூகாவின் எண்ணளவு வேண்டும் என்பதால், அவருடைய உபாயமும் அங்கே உதவாது. சிறிய வகுத்திகளைக் கொண்டு தேடிப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை.