'தம்பிக்கு சுன்னத் பண்ணணுமா?' - பெற்றோர் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீடு. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பிரசவம் பார்க்க ஆயா அங்கே போயிருந்தார். ஐயா இங்கே செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வீடியோ காலில் பேரனைக் காட்டிய கையோடு மகள் கேட்டாள்.

"அப்பச்சி, தம்பிக்கு சுன்னத் பண்ணணுமான்னு நர்ஸ் கேட்கிறாங்க. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி சொல்லணுமாம்."

"நமக்கு எதுக்கு ஆத்தா அது?" என்றார் ஐயா.

"இங்க நிறைய பேர் பண்றாங்க மாமா. சுத்தம்னு சொல்றாங்க" என்றார் மாப்பிள்ளை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பல வீடுகளுக்கு இந்தக் குழப்பம் வருகிறது. அமெரிக்காவில் 2010-ல் பிறந்த ஆண் குழந்தைகளில் சுமார் 58 சதவிகிதம் பேருக்கு மருத்துவமனையிலேயே சுன்னத் செய்யப்பட்டிருக்கிறது. மதக் காரணம் இல்லாதவர்களும் அங்கே இதைச் செய்கிறார்கள்.

நன்மை உண்டா?

உண்டு. முதல் வயதில் வரும் சிறுநீர்த் தொற்று குறைகிறது. ஆனால், ஆண் குழந்தைகளில் 100-ல் ஒருவருக்குத்தான் அந்தத் தொற்றே வருகிறது. ஒரு தொற்றைத் தடுக்க 100-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு சுன்னத் செய்ய வேண்டியிருக்கும்.

தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்கு ஹெச்.ஐ.வி பரவுவது சுமார் 60 சதவிகிதம் குறைந்தது. அதனால் 2007-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. ஆனால், அந்தப் பரிந்துரை ஹெச்.ஐ.வி மிக அதிகமாக உள்ள நாடுகளுக்கானது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-ல் சொன்னது இதுதான்: ஆபத்தைவிட நன்மை அதிகம்; ஆனால், எல்லாக் குழந்தைக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு அந்த நன்மை பெரிதல்ல. முடிவு பெற்றோருடையது.

'தோல் பின்னால் போகலையே?'

நம் ஊரில் பெற்றோரைப் பயமுறுத்துவது இந்தக் கேள்விதான். பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டியே இருக்கும். அது நோயல்ல, இயற்கை. வளர வளர தானாகப் பிரியும். பல குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளில் விலகிவிடும். சிலருக்குப் பத்து வயதுக்கு மேலும் ஆகலாம்.

குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவி தோலைப் பின்னால் இழுத்துவிடுவது சில வீடுகளில் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். தோல் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத பிரச்னை உண்டாகிவிடும். வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே போதும்.

திரும்பத் திரும்பத் தொற்று வருவது, முக்கி முக்கிச் சிறுநீர் போவது, தோல் வெள்ளையாகத் தடித்துப்போவது இவையெல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. பல குழந்தைகளுக்கு அவர் எழுதித் தரும் களிம்பை சில வாரங்கள் தடவினாலே சரியாகிவிடும். பின்னால் போன தோல் திரும்பி வராமல் வீங்கிவிட்டால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

செய்வதென்று முடிவானால்...

இஸ்லாமியக் குடும்பங்களில் 'செய்யலாமா' என்ற கேள்வி எழுவதில்லை. 'எப்போது, யாரிடம்' என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் பையன் கொஞ்சம் வளர்ந்த பிறகு, மாலை போட்டு, ஊருக்கு விருந்து வைத்து 'சுன்னத் கல்யாணம்' நடக்கும். பரம்பரையாகச் செய்துவரும் நாவிதர் வீட்டுக்கே வருவார். இன்று பலரும் மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

பிறந்த சில வாரங்களுக்குள் என்றால் மரத்துப்போகும் மருந்தோடு முடிந்துவிடும். புண்ணும் சீக்கிரம் ஆறும். வளர்ந்த குழந்தைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். ரத்தக்கசிவு, தொற்று போன்றவை அரிதாக வரலாம்.

செய்யும் முன் மூன்று விஷயங்களை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கேளுங்கள்:

* குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத குறை உண்டா?
* குழந்தை குறைமாதத்தில் பிறந்ததா, எடை குறைவா? அப்படியானால் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.
* சிறுநீர்த் துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா? கீழ்ப்பக்கம் இருந்தால் சுன்னத் செய்யவே கூடாது. பிறகு அதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோல்தான் தேவைப்படும்.

குழந்தையைக் கேட்க வேண்டாமா?

இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2012-ல் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம், மதக் காரணத்துக்காகக் குழந்தைக்கு சுன்னத் செய்வது உடல் காயம் விளைவிப்பதே என்றது. யூதர்களும் இஸ்லாமியர்களும் எதிர்க்க, அதே ஆண்டு டிசம்பரில் பெற்றோரின் உரிமையை உறுதிசெய்து அங்கே சட்டம் வந்தது.

காரைக்குடி வீட்டில் அன்று இரவே முடிவெடுத்தார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்றார். வளர்ந்த பிறகு வேணும்னா செஞ்சுக்கலாம். வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாதே ஆத்தா" என்றார் ஐயா. மாப்பிள்ளையும் ஒத்துக்கொண்டார். 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பேரனோடு வீடு திரும்பினார்கள்.

இன்னொரு வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். எதுவானாலும், டிஸ்சார்ஜ் அவசரத்தில் முடிவெடுக்காதீர்கள். ஏழாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.