வீட்டினுள் வலைப்பின்னல் கம்பி

"முன் அறையில் இன்டர்நெட் நன்றாக வருகிறது, தறி அறைக்கு வருவதில்லையே, ஏன்?" என்று அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். விடை எளிது. ரவுட்டரிலிருந்து புறப்படும் ரேடியோ அலை, தடித்த சுவர் ஒவ்வொன்றையும் கடக்குந்தோறும் வலிவு குன்றுகிறது. டிசைன் பெறவும், வாங்குவோருக்குச் சேலையைப் படத்தில் காட்டவும், பிள்ளைகள் பாடம் பயிலவும் அதையே நம்பியிருக்கும் குடும்பத்தில் இஃது அற்ப விஷயமன்று. அலையைப் பெருக்கும் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவிப்பதினும், ஒரே தடவை கம்பி இழுத்து அறைதோறும் சுவரில் ஒரு ஜாக் பொருத்திக்கொள்வதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இக்கம்பி நெசவாளருக்கு அந்நியமானதன்று. உறையை நீக்கினால் எட்டு மெல்லிழைகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கக் காணலாம். இவ்விதம் முறுக்கினால் அயல் மின்சாரத்தின் தொந்தரவு பெரிதும் நீங்கும். டெலிபோனுக்காக இம்முறைக்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நான்கு இணைகளிலும் முறுக்கின் நெருக்கம் வெவ்வேறாக இருக்கும். ஓர் இணையின் செய்தி மற்றோர் இணையில் கலவாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகையால் ஜாக்கில் சேர்க்கும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கலாகாது.

கேட்-6 வகையைக் கேட்டு வாங்குக. 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 100 கோடி பிட் வேகத்தை அது தாங்கும். ஆனால் ஏமாறுவதும் கடையிலேதான். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய சரக்கு மலிவாக விற்கிறது. போலிச் சரிகையை இனங்காணும் நம்மவருக்கு இது கடினமன்று: இழையொன்றைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் எளிதில் ஒடியும். அதன் வழியே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் செம்பினும் அதிகமாகச் சூடேறும்.

வேலை சுருங்குமென்று, மின்சாரக் கம்பி செல்லும் குழாயிலேயே இதையும் செருகிவிடச் சில பணியாளர்கள் முனைவதுண்டு. அதற்கு ஒருபோதும் இடங்கொடாதீர்கள். உறை தேய்ந்துவிட்டால் 230 வோல்ட், பிள்ளைகள் தொடும் கருவிக்கே வந்து சேரக்கூடும். தனிக் குழாய், சற்றுத் தள்ளிய பாதை, குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடத்தல் என்பவை அவசியம். கம்பியை மடக்காமல் அகன்ற வளைவாகவே திருப்புக. தறிக் கால்களில் அதைக் கட்டவேண்டாம். ஓயாத அதிர்வு இணைப்பைத் தளர்த்தும். குழாயினுள் கம்பியோடு ஒரு நைலான் கயிற்றையும் இழுத்து விட்டுவைத்தால், பின்னொரு நாள் இரண்டாவது கம்பி இழுக்கச் சுவரை உடைக்க வேண்டியிராது.

கம்பிகள் யாவும் ரவுட்டர் உள்ள இடத்தில் வந்து கூடவேண்டும். அதில் துளைகள் போதாவிடில் ஒரு ஸ்விட்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜாக்கின் பக்கத்தில் ஏ, பி என இரு வர்ண வரிசைகள் அச்சிட்டிருக்கும். எதை எடுத்தாலும் இரு முனையிலும் அதையே பின்பற்றுக. முனையில் பிளக் பொருத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. நடுவிலுள்ள நீல இணைக்கு இருபுறமும், பி வரிசையில் பச்சை இணையின் இழைகள் பிரிந்து நிற்கும். வர்ணக் கட்டத்தில் பழகிய கை அதைச் சேர்த்து வைத்து ஒழுங்குபடுத்தத் துடிக்கும்! இரு முனையிலும் அவ்வாறே செய்துவிட்டால், சோதனைக் கருவியின் எட்டு விளக்குகளும் முறையாகவே எரியும். வேகம் மாத்திரம் வராது. இக்குற்றத்தைச் சாதாரணச் சோதனைக் கருவியால் கண்டுபிடிக்க இயலாது.

தறிக்கூடமோ, பம்ப்செட் அறையோ வீட்டினின்று தனித்து நிற்குமாயின் செம்புக் கம்பியே வேண்டாம். அருகில் இடி விழுந்தால் அக்கம்பி வழியே இரு முனைக் கருவிகளும் கருகிவிடக்கூடும். அவ்விடத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பியே ஏற்றது. அது மின்சாரத்தைக் கடத்தாது. அதிலும் உலோகக் கவசமில்லாத வகையைக் கேட்டு வாங்கி, இரு முனையிலும் ஒவ்வொரு மாற்றுக் கருவி பொருத்திக்கொள்க.