கரை தட்டவே கட்டிய கப்பல்

கப்பல் தரை தட்டிவிட்டால் மாலுமிகளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனால் தரை தட்டுவதே வேலையாக ஒரு கப்பல் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அதை ஆயிரத்துக்கும் மேல் கட்டியது. பெயர் எல்.எஸ்.டி. துறைமுகமெல்லாம் எதிரியின் கையில் இருக்கிறது. டாங்கிகளையும் லாரிகளையும் எங்கே இறக்குவது? வெறும் மணற்கரையில்தான். நேராகக் கரையில் போய் முட்டி, முகப்பில் இருக்கும் இரண்டு கதவுகளைத் திறந்து, சாய்வுப் பலகையை இறக்கிவிட்டால் வண்டிகள் தாமாகவே ஓடி இறங்கிவிடும்.

கேட்க எளிது. ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டுமென்றால் கப்பல் தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். கரையேறவோ அதிகம் அமிழக் கூடாது. ஒரே கப்பல் இரண்டையும் எப்படிச் செய்யும்? 1941 நவம்பரில் ஜான் நீடர்மேயர் என்ற பொறியாளர் சில மணி நேரத்தில் இதற்கு ஒரு படம் வரைந்துவிட்டார். கப்பலின் அடியில் பெரிய தொட்டிகள். நடுக்கடலில் அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் கனத்துக் கீழே இறங்கும். கரை நெருங்கியதும் பம்ப் வைத்து வெளியேற்றினால் மேலே எழும்பும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கப்பலின் நீளம் 328 அடி. கரையேறும் நேரத்தில் முன்பக்கம் சுமார் 3 அடியும் பின்பக்கம் சுமார் ஒன்பதரை அடியும் தண்ணீருக்குள் இருக்கும். வித்தியாசம் ஆறரை அடி. 328-ஐ ஆறரையால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 50 வரும். அதாவது, 50 அடிக்கு 1 அடி சரியும் மணற்கரையில் கப்பலின் அடிப்பாகம் முழுவதும் ஒட்டினாற்போல் உட்காரும். அப்படிப்பட்ட கரையை மனதில் வைத்துத்தான் அதை வடிவமைத்தார்கள்.

ஏறினால் போதுமா? திரும்பி வர வேண்டாமா? கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, அதன் கம்பிவடத்தை விட்டுக்கொண்டே போவார்கள். சரக்கை இறக்கியதும் வின்ச் அந்த வடத்தைச் சுருட்டும். மணலில் புதைந்த நங்கூரம் அசையாது. ஆகவே கப்பல்தான் பின்னோக்கி நகரும்!

தட்டையான அடிப்பாகத்துக்கு மாலுமிகள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஆழமான அடிப்பாகம் உள்ள கப்பல், அலை சாய்ந்தாலும் உடனே சாயாது. எல்.எஸ்.டி.யோ தண்ணீர்மேல் மிதக்கும் பலகை போல, அலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வெடுக்கென்று சாயும். முகப்பு அலைமேல் ஏறி இறங்கும்போது அடித்தகடு தண்ணீரில் 'தடால்' என்று அறையும். கப்பல் முழுவதும் அதிரும், சாப்பாட்டுத் தட்டு மேசையில் நிற்காது. வேகமும் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுதான். எல்.எஸ்.டி. என்றால் 'லார்ஜ் ஸ்லோ டார்கெட்', அதாவது குறிவைக்கத் தோதான பெரிய மந்தக் கப்பல் என்று மாலுமிகளே கேலி செய்தார்கள்.

கேலிக்குப் பின்னால் உண்மையும் இருந்தது. 1944 ஏப்ரல் 28 அதிகாலை, இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் ஒத்திகைக்காகப் போய்க்கொண்டிருந்த எல்.எஸ்.டி.களை ஜெர்மானியப் படகுகள் டார்பிடோவால் தாக்கின. இரண்டு கப்பல்கள் மூழ்கின; 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காற்றடைத்த மிதவைப் பட்டையைக் கட்டியிருந்தும் பிழைக்கவில்லை. காரணம், அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டியதை இடுப்பில் கட்டியிருந்தார்கள். மிதவை, தான் கட்டப்பட்ட இடத்தைத்தான் மேலே தூக்கும். முதுகில் கனத்த மூட்டை வேறு. இடுப்பு மேலே வந்தது. தலை கீழே போனது. சரியான முறையைச் சொல்லிக்கொடுக்க சில நிமிடங்கள் போதுமாக இருந்திருக்கும்.

அந்த ஒத்திகை எதற்கோ, அந்தத் தரையிறக்கம் அதே ஆண்டு ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நடந்தது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல்மட்டம் ஏறக்குறைய 20 அடி மாறும். அதையே வசதியாக்கிக்கொண்டார்கள். ஏற்றத்தின்போது வந்த கப்பலை, தண்ணீர் வற்றும்வரை அப்படியே மணலில் உட்காரவிட்டார்கள். உடைந்துபோகுமோ என்று முதலில் பயம் இருந்தது. தட்டையான அடிப்பாகம் அல்லவா? உடையவில்லை. லாரிகள் டயர் நனையாமல் இறங்கின. மாலுமிகள் கப்பலைச் சுற்றி நடந்து, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் சுழல்விசிறியைத் தொட்டே பார்க்கலாம். அடுத்த ஏற்றம் வர 12 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அது வந்தால் கப்பல் தானே மிதக்கும்.

திரும்பும்போதும் கப்பல் காலியாகப் போகவில்லை. டாங்கிகள் நின்ற தளத்தின் பக்கச் சுவர்களில் தூக்குப்படுக்கைகளை அடுக்கடுக்காக மாட்டி, காயமடைந்தவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்கள். இப்படி நார்மண்டியிலிருந்து 40,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

அந்தக் கரையில் நின்ற கப்பல்களில் ஒன்று எல்.எஸ்.டி.-325. பிற்பாடு அது கிரேக்கக் கடற்படைக்குப் போனது. 2000-ஆம் ஆண்டில் பழைய அமெரிக்க மாலுமிகள் கிரேக்கத்துக்கே போய், துருப்பிடித்த அந்தக் கப்பலைப் பழுதுபார்த்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அதுவும் குளிர்காலத்தில்! அவர்களின் சராசரி வயது 72. 2001 ஜனவரியில் அமெரிக்காவின் மொபீல் துறைமுகம் வந்து சேர்ந்தார்கள். இந்தக் கப்பல் எப்படி ஆட்டி எடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா என்ன? தெரிந்தேதான் ஏறினார்கள்.