மார்ஜினுக்கு ஒரு வேலை

ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு வாசகர் தபாலில் ஒரு தாளை அனுப்பியிருந்தார். பட்டாசு ஆலையில் போர்மேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் கொடுப்பதற்காக அவரே எழுதி, சிவகாசியில் அச்சடித்த பாதுகாப்பு நோட்டீஸ் அது. ஏ4 தாள், இரண்டு பக்கமும் எழுத்து. சுற்றிலும் பூவேலை பார்டர். முப்பது சொச்சம் கட்டளைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஆச்சரியக்குறி, பாதிக்கு மேல் கொட்டை எழுத்து. "ஒருத்தரும் படிக்க மாட்டேங்கிறாங்க சார். மடிச்சு டிபன் பாக்ஸுக்கு அடியில வச்சிடுறாங்க. என் மகன் இன்ஜினியரிங் காலேஜ்ல வாங்கிட்டு வந்த ஒரு தாள்ல, ஓரத்துல பொடி எழுத்துல குறிப்பு போட்டு அழகா இருந்துச்சு. அந்த மாதிரி நம்ம நோட்டீஸையும் போட முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

தாராளமாக முடியும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அச்சுத்தொழிலின் அரிச்சுவடியை மட்டும் விட்டுவிடுகிறேன். பிளேட், கிரிப்பர், ஜிஎஸ்எம் பற்றியெல்லாம் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது.

மகன் கொண்டுவந்த தாள் அநேகமாக 'டஃப்டி' பாணியில் அமைந்ததாக இருக்கும். எட்வர்ட் டஃப்டி, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். எண்களையும் தகவல்களையும் படமாகக் காட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். பதிப்பாளர் கையில் கொடுத்தால் தான் நினைத்த மாதிரி வராது என்று வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, ஹோவர்ட் கிராலா என்ற நூல் வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து, 1983இல் தானே வெளியிட்டார். அந்தப் புத்தகத்தில் படமும் அதைப் பற்றிய பேச்சும் ஒரே இடத்தில் இருக்கும். எந்த வரியில் சந்தேகம் வருமோ அதே வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், குறிப்பு நிற்கும். பின்னால் பில் கிளெப், பில் வுட், கெவின் காட்பி ஆகியோர் இந்த அமைப்பை லேட்டெக் மென்பொருளுக்கு ஒரு வார்ப்பாகச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். புத்தகத்துக்கு ஒன்று, கைத்தாளுக்கு ஒன்று. கல்லூரிகளில் புழங்குவது இரண்டாவது. லேட்டெக்கின் கதை தனிக்கதை. டொனால்ட் க்னூத் என்ற கணினி அறிஞர் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பு அசிங்கமாக இருக்கிறதென்று வெறுத்துப்போய், 1977இல் தானே எழுத்துக்கோக்கும் மென்பொருள் எழுத உட்கார்ந்ததில் பிறந்தது அதன் அடித்தளம்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இந்த வார்ப்பில் இடப்பக்கம் 24.8 மி.மீ. வெற்றிடம், பிறகு 107 மி.மீ. அகலத்துக்கு மூல வாசகம், 8.2 மி.மீ. இடைவெளி, அப்புறம் 49.4 மி.மீ. அகலத்தில் ஓரக்குறிப்புப் பத்தி. அதாவது முக்கியமான விஷயத்துக்குத் தாளில் பாதிதான். மூலம் 10 பாயின்ட், குறிப்பு 8 பாயின்ட். இது இங்கிலீஷுக்கு. 'கீ', 'சூ' என்று மேலும் கீழும் கொம்பு முளைக்கிற தமிழுக்கு 8 பாயின்ட் கொடுமை. மூலத்துக்கு 12, குறிப்புக்கு 10, வரிக்கு வரி தாராளமான இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு தாளை பிரஸ்ஸில் கொடுத்தால், "சார், இவ்வளவு காலி விட்டா பேப்பர் வேஸ்ட்டு" என்று கட்டாயம் சொல்வார்கள். அசையாதீர்கள்.

அந்த ஓரத்தில் என்ன எழுதுவது? நான் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். அண்ணாவி கதையை இழுத்துக்கொண்டு போவார். பக்கத்தில் இருக்கிறவர் சும்மா 'ஆமா' போடுகிற ஆள் மாதிரித் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு எங்கே புரியாதோ சரியாக அங்கே, "அது ஏன்ணே அப்படிச் செஞ்சா?" என்று ஒரு கேள்வி போடுவார். அண்ணாவி நின்று பதில் சொல்லிவிட்டு மேலே போவார். ஓரக்குறிப்பின் உத்தியோகம் இதுதான்.

வாசகரின் நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். 'நைலான், பாலியஸ்டர் சேலை கட்டி வரக்கூடாது!' என்று ஒரு கட்டளை. ஏன் என்று இல்லை. முதல் நாள் வேலைக்கு வருகிற பெண்ணுக்கு அது பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் சட்டம் போலத்தான் படும். பக்கத்திலேயே, 'செயற்கை நூல் உரசினால் மின்சாரம் சேரும், கண்ணுக்குத் தெரியாத பொறி போதும் மருந்து பிடிக்க. பருத்தியில் அந்தப் பயம் குறைவு' என்று இரண்டு வரி இருந்தால் அவள் வீட்டில் போய் அடுத்தவளுக்கும் சொல்வாள்.

இன்னொரு கட்டளை: 'ஈரம் பட்ட அலுமினிய மருந்தை ஒதுக்கி வைக்காமல் உடனே தெரிவிக்கவும்!' இதற்குக் காரணம் ரொம்ப முக்கியமானது. அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து கிடந்தால் உள்ளுக்குள்ளே வினை நடந்து தானாகச் சூடேறும். யாரும் தொடவேண்டாம், உரசவேண்டாம். மூட்டையாகக் குவிந்து கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும் அளவுக்கே போகலாம். அப்போது அமோனியா வாடை கிளம்பும். இந்த வாடை விஷயம் நோட்டீஸில் எங்கேயும் இல்லை. 'மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் மருந்து சூடாகிக்கொண்டிருக்கிறது, கிட்டே போகாமல் வெளியே வந்து சொல்லுங்கள்' என்று ஓரத்தில் இருந்தால் அந்தக் கட்டளைக்கு ஓர் உயிர் வருகிறது.

மூன்றாவது, குளோரேட்டும் கந்தகமும் சேரக்கூடாது என்பது. லேசான உரசலே போதும் அந்தக் கலவைக்கு. 1992இலேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டுத் தடுத்த கலவை அது. நோட்டீஸில் 'சட்டப்படி குற்றம்!' என்று மட்டும் இருக்கிறது. சட்டத்துக்குப் பயப்படுகிறவர் ஆள் பார்க்காத நேரத்தில் செய்வார். உராய்வுக்குப் பயப்படுகிறவர் எந்த நேரத்திலும் செய்யமாட்டார். விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையில் 'உராய்வு காரணமாக' என்று வருகிற அந்த ஒரு சொல்லை, விபத்துக்கு முந்தின நாள் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறோம்?

இனி எனக்கு ரொம்பப் பிடித்த தொல்லைக்கு வருகிறேன். 49 மில்லிமீட்டர் பத்திக்குள் தமிழை உட்கார வைப்பது.

தமிழ்ச் சொற்கள் வால் முளைத்து நீளும். 'வைத்துவிடக்கூடாதென்பதற்காகத்தான்' என்று ஒரே சொல்லாக எழுதிவிட்டுச் சாவகாசமாக இருப்போம். அகலமான பத்தியில் அது தெரியாது. ஒடுக்கமான பத்தியில் அந்த ஒரு சொல்லே ஒரு வரியை விழுங்கிவிடும். இரண்டு பக்கமும் நேர்க்கோடாக முடியவேண்டும் என்று அடம்பிடித்தால், அதற்கு முந்தின வரியில் இரண்டே சொற்கள் நடுவில் ஒரு மைதானத்தை வைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஓரக்குறிப்புக்கு இடப்பக்கம் மட்டும் நேர், வலப்பக்கம் சொல் முடிகிற இடத்தில் முடியட்டும். அதுவும் போதாது, சில சொற்களை உடைத்தே ஆகவேண்டும்.

எங்கே உடைப்பது? ஒற்றெழுத்து வரியின் தலையில் வந்து நிற்கக் கூடாது. 'பட்டாசு' என்பதை 'பட்' என்று நிறுத்தி 'டாசு' என்று அடுத்த வரியில் தொடரலாம். 'ப' என்று நிறுத்தி 'ட்டாசு' என்று தொடர்ந்தால் வாய்விட்டுப் படித்தாலே தடுக்கும். ஒற்றை எழுத்தை அநாதையாக வரிக் கடைசியில் விடுவதும் அழகில்லை. ஈயத்தில் எழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை, விரலுக்கே தெரியும். டிடிபி வந்து பாமினி எழுத்துரு புழக்கத்துக்கு வந்ததும் அந்த ஞானம் காணாமல் போயிற்று. பாமினியில் ஒற்றின் புள்ளி, இங்கிலீஷின் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் குடியிருக்கிறது. திரையில் நமக்குத் தமிழ் தெரிகிறது. கணினியைப் பொறுத்தவரை அது அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக்குவியல். ஒற்று எது, உயிர்மெய் எது என்று தெரியாததை எங்கே முறிக்கச் சொன்னாலும் கண்ட இடத்தில்தான் முறிக்கும்.

யூனிகோடில் அடித்தால் இந்தச் சங்கடம் தீரும். லேட்டெக்கிலும் பழைய இயந்திரத்தை விட்டுவிட்டு ஸீடெக் அல்லது லுவாடெக் இயந்திரத்தை ஓட்டவேண்டும். தமிழ்ச் சொல்லை எங்கெங்கே முறிக்கலாம் என்ற விதிப்பட்டியல் அவற்றோடு வருகிறது. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் என்ற மென்பொருள் வல்லுநர் மலையாளம், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்கும் இதைச் செய்து பொதுவில் வைத்திருக்கிறார். சிவகாசியில் காலண்டரிலிருந்து டைரி வரை அச்சாகும் தமிழ் கொஞ்சநஞ்சமில்லை. அதைச் சரியாக உடைக்கச் சொல்லித்தரும் பட்டியலை ஒரு மலையாளி செய்து இலவசமாக வைத்திருக்கிறார், நாம் இன்னும் பாமினியில் தட்டிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிற அச்சக நண்பர்கள் எனக்கு உண்டு.

ஓரக்குறிப்பு நமக்குப் புதிதும் இல்லை. வாசகரின் தொழிலை ஆளுகிற 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தைப் பழைய பதிப்பில் பார்த்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் தலைப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் நிற்கும். மத்திய அரசிதழில் வரும் புதுச் சட்டங்களிலும் அதே வழக்கம்தான். அந்தக் குறிப்பும் சட்டத்தில் சேர்த்தியா என்று கோர்ட்டுகளில் வாதாடியே இருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியில் தொடங்கித் தன் பதிப்புகளில் அடிக்குறிப்புகளைப் பாடபேதமும் ஒப்புமையுமாகக் கொட்டி வைத்தார். ஆனால் அடிக்குறிப்பு, உட்கார்ந்து படிக்கிறவருக்கு. கண் கீழே போய்விட்டு விட்ட இடத்தைத் தேடித் திரும்பவேண்டும். ஷிப்ட் தொடங்குமுன் நின்றபடி படிக்கிறவருக்கு அது தோதுப்படாது.

இப்போதெல்லாம் பயிற்சி என்றால் ஹாலில் விளக்கை அணைத்து ஸ்லைடு ஓட்டுவதாகிவிட்டது. அதற்கு ஒரு வார்த்தை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும்போதே நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் அடித்திருந்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது பொறியாளர்கள் அதைப் பற்றி ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். சோதனையில் பயன்பட்ட நுரைத்துண்டு 3 கன அங்குலம், அடித்ததாகக் கணக்கிட்ட துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு. இந்த ஒப்பீடு ஒரு ஸ்லைடின் கடைசி வரியில், உள்ளே உள்ளே தள்ளிய துணைக்குறிப்பாக, சின்ன எழுத்தில் கிடந்தது. தலைப்பில் இருந்ததோ தைரியம் சொல்கிற தொனி. அந்த ஸ்லைடைப் பிரித்து மேய்ந்தவர் இதே டஃப்டிதான். அவருடைய அலசலை விசாரணைக் குழுவின் அறிக்கையே எடுத்துப் பேசியது. ஸ்லைடுக்குப் பதில் ஏ3 தாளை நடுவில் மடித்து நாலு பக்கமாகக் கொடு, முதலில் எல்லோரும் படிக்கட்டும், பிறகு பேசு என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். ஸ்லைடு ஓடிப்போய்விடும், தாள் சட்டைப்பையில் இருக்கும்.

முப்பது கட்டளைக்கும் குறிப்பு எழுதக் கிளம்பினால் ஓரம் நிரம்பி வழியும். ஒரு குறிப்பு அடுத்ததை இடித்துக் கீழே தள்ளும், அது தன் வரியை விட்டு விலகிப்போகும். லேட்டெக் இதைக் கண்டுபிடித்து 'ஓரக்குறிப்பு நகர்ந்துவிட்டது' என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், கட்டளையைக் குறையுங்கள். காரணம் சொல்லமுடியாத கட்டளைகளை முதலில் எடுங்கள், பாதி அதிலேயே கழியும். சாமி படமும் முதலாளி படமும் ஓரத்துக்குள் வரக்கூடாது. பூவேலை பார்டரும் போகட்டும். கறுப்பு ஒரு நிறம் போதும். ஆர்ட் பேப்பர் வெளிச்சத்தில் பளபளத்து வாசிக்க விடாது, பேனாவும் அதில் சரியாக ஓடாது. மேப்லித்தோ போதும். லேட்டெக் பழகப் பொறுமையில்லை என்றால், வேர்டில் இரண்டு பத்தி அட்டவணை போட்டுக் கோடுகளை அழித்துவிட்டால் காரியம் நடக்கும்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். மருந்து அலசுகிற கைக்குத் தெரிந்தது போர்மேனுக்குத் தெரியாமல் இருக்கலாம், எழுதட்டும். எழுத வராதவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுதித்தரட்டும். பக்கத்தின் அடியில் அச்சான மாதமும் வருஷமும் இருக்கவேண்டும். அடுத்த தடவை புதுத் தாள் கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் கொடுக்கவேண்டும்.