பிக்கிள்பால் ஆடும் மூத்தோர் கவனத்திற்கு: பின்னோக்கி ஓடுவதே பெரிய ஆபத்து

மும்பை, அகமதாபாத், பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் பிக்கிள்பால் களங்கள் பெருகி வருகின்றன. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் உருவான இவ்விளையாட்டு, பணி ஓய்வு பெற்றவர்களையும் பெரிதும் ஈர்த்துள்ளது.

அதற்குக் காரணம் உண்டு. களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி மட்டுமே. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் ஓட வேண்டிய தூரம் டென்னிஸைவிட மிகக் குறைவு. துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பந்து மெதுவாக வருகிறது. சர்வீஸைக் கையைத் தாழ்த்தியே போடுவதால் தோள்பட்டைக்குச் சுமை குறைகிறது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், மூன்று நாட்களாவது உடல் சமநிலைப் பயிற்சியும் முதியவர்களுக்குத் தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதயத்துக்கான உழைப்பு, எதிர்வினை வேகம், நான்கு பேர் கூடிப் பேசும் வாய்ப்பு ஆகியவை இந்த ஆட்டத்தில் ஒருசேரக் கிடைக்கின்றன.

ஆனால் எளிதாகத் தோன்றுவதுதான் இதிலுள்ள சிக்கல். தலைக்கு மேல் செல்லும் பந்தைப் பிடிக்க, முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி ஓடும்போது பலர் நிலைதடுமாறுகின்றனர். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். எலும்பு தேய்மானம் உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பும் முறியக்கூடும். எனவே அத்தகைய பந்துக்கு உடலைத் திருப்பி முன்னோக்கி ஓட வேண்டும், இயலாவிடில் அந்தப் புள்ளியை விட்டுக்கொடுப்பதே நல்லது.

திடீரென நின்று பாய்வதால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் கிழியலாம். ஆட்டத்திற்கு முன் பத்து நிமிடம் நடந்து, தசைகளைத் தளர்த்திக்கொள்வது இதற்குக் காப்பு. காலணியிலும் பலர் தவறு செய்கின்றனர். ஓட்டப் பயிற்சிக்கான காலணி நேராக ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிசகும். டென்னிஸ், பேட்மிண்டன் ஆடுவோர் அணியும் களக் காலணியே பொருத்தமானது. வலைக்கு அருகில் ஆடுவோர் பாதுகாப்புக் கண்ணாடி அணியலாம்.

நம் நாட்டு வெயிலையும் மறந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோருக்கு நீரிழப்பும் தலைச்சுற்றலும் விரைவில் ஏற்படலாம். அவர்கள் அதிகாலையில் ஆடுவது நலம். இதய நோய், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, அடிக்கடி விழும் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பின், களமிறங்கும் முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும்.